படையில்லாத மகாப்பிரபு

நாடு பிடிக்க ஆசைப்பட்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். பர்மாவில் தன்லியினுக்கும் தாகேதாவுக்கும் நடுவே பஸ் ஓட்டிக்கொண்டே ஆசைப்பட்டவர் எங்கள் மகாப்பிரபு ஒருவர்தான்.

பன்சோடான் தெரு நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த சரித்திரப் புத்தகம் ஒன்று அவர் கையில் சிக்கியது. ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ ஒரு கோமகன் பிள்ளையில்லாமல் செத்துப்போக, அவன் தம்பியும், செத்துப்போன இன்னொரு தம்பியின் மகளைக் கட்டிய மருமகனும் அந்தச் சிற்றரசுக்காக வருஷக்கணக்கில் அடித்துக்கொண்ட கதை. மனிதர் அதை நாடகமாக எழுதிவிட்டார். கோயில் திருவிழாவில் ஒரு தடவையாவது அதை முழுசாகப் போட்டுவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஜெயிக்கிற தம்பி வேஷம் அவருக்கு; அதிலிருந்துதான் எங்களுக்கு அவர் மகாப்பிரபு. தோற்கிற மருமகன் நான். “ஏன் நானு?” என்று கேட்டேன்.

“உங்க மூஞ்சியில ஒரு களைப்பு இருக்கு அகோ. தோக்குறவனுக்கு அதான் வேணும்” என்றார். வயது பார்க்காமல் எல்லா ஆம்பளையும் அவருக்கு ‘அகோ’தான், பர்மிய அண்ணன்.

படைவீரர்கள் எங்கள் தெரு இளைஞர்கள். தமிழ் புரியும், படிக்க வராது. வசனத்தையெல்லாம் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். வீராவேசமாகப் பேச வேண்டிய சேனாதிபதி, மருந்துச் சீட்டு வாசிப்பவன்போல வாசித்தான். “உயிரைக் குடுக்கப் போறவன் இப்படியாடா பேசுவான்?” என்று மகாப்பிரபு தலையில் அடித்துக்கொள்வார்.

போன வருஷம் ஒத்திகை தொடங்கிய வாரமே சேனாதிபதிக்கு மலேசியா விசா வந்துவிட்டது. மிங்கலாடோன் விமான நிலையத்தில் அவனைக் கட்டிப்பிடித்து அழுத மகாப்பிரபு, அழுது முடித்ததும், “அகோ, தொப்பி எங்க?” என்றார். தகரத் தொப்பி பெட்டிக்குள் இருந்தது.

“ஞாபகத்துக்கு எடுத்துட்டுப் போறேண்ணே.”

“ஞாபகம் மனசுல இருக்கட்டும். தொப்பி படைக்கு வேணும்.”

ஊறுகாய், கருவாடு எல்லாவற்றையும் வாசலிலேயே கடைபரப்பித் தொப்பியை மீட்டு வந்தார். பிறகு ஒற்றன் பாங்காக் போனான். அண்ணன் தம்பி இரண்டே பேர் கொண்ட குதிரைப்படை ஒரே விமானத்தில் கிளம்பியது. அவர் வீட்டில் தொப்பிகள் குவிந்தன, போட்டுக்கொள்ளத்தான் தலையில்லை.

எனக்கும் அலுத்துவிட்டது. வேலை முடிந்து வந்து, கரண்ட் இல்லாத மண்டபத்தில் வேர்க்க விறுவிறுக்கத் தினமும் தோற்பது லேசுப்பட்ட காரியமா?

“விட்டுத் தொலைங்க பிரபு. ஆளே இல்லாம என்ன சண்டை?”

“நீங்க போகலையே?”

“எனக்கு எவன் விசா குடுக்குறான்?”

“அப்ப சண்டை இருக்கு” என்று எழுந்து கத்தியை எடுத்தார்.

திருவிழாவன்று மேடையில் நாங்கள் இரண்டே பேர். எதிரே, பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட்ட அப்பா அம்மாக்கள். பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்து, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு நாடகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஒரு போனுக்குள்ளிருந்து, “அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது!” என்று சத்தம். மகாப்பிரபு மரியாதையாகத் தள்ளி நின்று என்னை வெட்டினார்.

நான் ஒழுங்காக விழுந்தேன். என் நெஞ்சில் கத்தியை வைத்து, ‘இனி இந்த மண் எனது’ என்று அவர் கர்ஜிக்க வேண்டும். அந்த ஒரு வரியோடு நாடகம் முடிந்துவிடும். அவர் போன்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கத்தியைக் கீழே போட்டார்.

“எந்திரிப்பா. நாட்டை நீயே வச்சுக்க. எனக்கு அந்தப் பசங்க திரும்பி வந்தாப் போதும்.”

யாரும் கை தட்டவில்லை. சேனாதிபதியின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“வசனம் மறந்துபோச்சு அகோ” என்று மேடைக்குப் பின்னால் கூசாமல் பொய் சொன்னார். “அடுத்த வருஷம் சரியாப் போட்டுறலாம்.”

ஐயோ, மறுபடியுமா! ஆனாலும் போவேன். படைதான் போய்விட்டது, அந்த மனிதருக்கு எதிரியாவது ஒருத்தன் ஊரில் இருக்க வேண்டாமா?