கூட்டிய மதிப்பும் அணைந்த அடுப்பும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை பரம சௌக்கியம். நான்தான் பட்டினி. பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்து மேலே படிக்கவும்.

விஷயம் இதுதான். எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தில், நம் மாநிலத்து உணவகங்களும் பார்களும் மொத்தமாக எவ்வளவு உற்பத்தி செய்கின்றன என்று அளந்து வரச் சொன்னார்கள். சாப்பாடு போடுகிறவன் என்னத்தை உற்பத்தி செய்கிறான், ஏப்பத்தையா என்று சிரித்துக்கொண்டேதான் கிளம்பினேன். மச்சான், முதல் சமையலறையில் கால் வைத்ததும் அந்தச் சிரிப்பு பறந்துவிட்டது. ஒருவர் வெங்காயம் நறுக்குகிறார், கத்தி கண்ணுக்கே தெரியவில்லை. பரிமாறுகிறவர் ஒரு கையில் ஐந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு, கதவை முதுகால் தள்ளி, எந்த மேசைக்கு எது என்று எதிலும் எழுதாமல் கொண்டுபோய் வைக்கிறார். என்னைக் கடைக்கு அனுப்பினால் மூன்று சாமானில் ஒன்றை மறந்துவிட்டு வருவேன். பின்வாசலில் ஐஸ்காரர், மீன்காரர், மேசைத்துணி வெளுத்துக் கொண்டுவருகிறவர் என்று வரிசை. ஒரு தட்டுச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு ஊரே நிற்கிறது! எனக்குப் புல்லரித்துவிட்டது.

விற்றதிலிருந்து வாங்கிய சரக்கின் விலையைக் கழித்தால் நிற்பதற்கு எங்கள் பாஷையில் கூட்டிய மதிப்பு என்று பெயர். அடுத்துப் போன ஒரு பாரின் முதலாளியிடம், "உங்க கூட்டிய மதிப்பு எவ்வளவுங்க?" என்று கேட்டேன். மனிதர் கண்கலங்கிவிட்டார்.

"மதிப்பா? முதல் கிளாஸ்ல அண்ணேங்கிறான், மூணாவது கிளாஸ்ல டேய்ங்கிறான். எங்க சார் கூடுது?"

அவரைத் தேற்றிக் கணக்கு வாங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

அந்தப் பிரமிப்போடு வீட்டுக்கு வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வெறும் உருளைக்கிழங்கு சமையல்காரர் கைபட்டதும் எவ்வளவு மதிப்பு கூடுகிறது தெரியுமா என்று அளந்தேன். உருளைக்கிழங்கு வறுவலைக் கிளறிக்கொண்டிருந்த தங்கள் தங்கை, "இந்த வறுவல் எந்தக் கணக்குல வருதுங்க?" என்றாள்.

"வீட்டுச் சமையல் சேராது. விதி அப்படி."

"அப்ப கல்யாணமான நாள்லேருந்து நான் எதுவுமே பண்ணலையா?"

"அரசாங்கத்தைப் பொறுத்தவரைக்கும்… இல்ல."

"சரி. எதுவும் பண்ணாதவ கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்" என்று அடுப்பை அணைத்தாள். அப்புறம் அது எரியவே இல்லை. நானாகப் பற்றவைத்ததில் பாத்திரம்தான் தீய்ந்தது. தப்பு என்மேல் இல்லை, விதிமேல் என்று கெஞ்சிப் பார்த்தேன். "அப்ப விதியையே வறுத்துச் சாப்பிடுங்க" என்கிறாள். அண்ணன் பேச்சை அவள் தட்டமாட்டாள். தாங்கள் வந்து நாலு வார்த்தை எடுத்துச் சொன்னால் நான் பிழைப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிட்டு நீடூழி வாழ ஆசிகள். வரும்போது ஏதாவது கட்டிக்கொண்டு வரவும்.

இப்படிக்கு,
மதிப்பு குறைந்த மைத்துனன்

பி.கு.: தாங்கள் வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. தெருமுனை உணவகத்தில் சமையல்காரர் வேலையை விட்டு நின்றுவிட்டாராம். அந்த வேலையில் தங்கள் தங்கை சேர்ந்துவிட்டாள். பசி பொறுக்காமல் இன்று மதியம் அங்கே போய் உட்கார்ந்தேன். அதே வறுவல் வந்தது. வழக்கம்போல உப்பு கம்மி என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து மேசைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "யாருப்பா சமைச்சது? அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார். எடுத்த வாயில் வறுவலைப் போட்டுக்கொண்டேன். உள்ளே எட்டிப் பார்த்தால், மச்சான், எரிகிற அடுப்புகளுக்கு நடுவே ராணி மாதிரி நிற்கிறாள்! அவள் ஒரு சொல் சொன்னால் ஆளாளுக்கு ஓடுகிறார்கள். அந்த உணவகமும் என் கணக்கெடுப்புக்குள் வருவதால், படிவத்தோடு போய், "கூட்டிய மதிப்பு எவ்வளவுங்க?" என்றேன். அவளிடம் நான் 'ங்க' போட்டது இதுதான் முதல் தடவை. தானாக வந்துவிட்டது.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மொதல்ல பில்லைக் கட்டிட்டு வாங்க" என்றாள்.

கட்டிவிட்டேன், மச்சான்.