மாமனார் நிலத்தில் நான் கண்டுபிடித்த நிலக்கரி

புது மாப்பிள்ளை என்ன உளறினாலும் பெண் வீட்டில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். இதைவிட ஆபத்தான வழக்கம் இந்த நாட்டில் வேறில்லை என்பதற்கு நானே சாட்சி.

கல்யாணமாகி இரண்டாவது மாதம். திண்டிவனம் பக்கத்தில் மாமனார் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, தண்ணீரில்லாமல் வாடிக்கொண்டிருந்தது. பல நாள் கெஞ்சி, ஆழ்துளைக் கிணறு போட ஒரு போர் வண்டியை வரவழைத்திருந்தார். மேற்பார்வைக்கு நானும் மனைவியோடு விழுப்புரத்திலிருந்து போயிருந்தேன். (யாரும் கூப்பிடவில்லை.)

துளை போட ஆரம்பித்ததுமே மண்ணோடு கறுப்புக் கட்டிகள் வந்து விழுந்தன. எனக்குப் புல்லரித்தது. கல்லூரியில் படிக்கும்போது நெய்வேலிக்குச் சுற்றுலா போனவன் நான். (பாதி நேரம் பஸ்ஸில் தூங்கினேன்.) இரண்டு கட்டிகளைப் பொறுக்கி, காய்ந்த மல்லாட்டைக் கொடியைக் கொளுத்தி அதில் போட்டேன். செக்கச்செவேலென்று கனன்றது!

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "மாமா, இது நிலக்கரி. பூமிக்கு அடியில இருக்கிற கனிமம் நாட்டோட சொத்து. அரசாங்கத்துக்குச் சொல்லாம இனிமே ஒரு அடி தோண்டக்கூடாது!"

மோர்ச் சொம்போடு வந்த மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமனார் அவரைப் பார்த்து வேண்டாமென்று லேசாகத் தலையாட்டினார். மாமியார் மோரை ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

போர் வண்டிக்காரர் பொறுமையிழந்தார். "இன்னா பேஜாரா கீது! ஓட்றதா வேணாமா? அடுத்த ஊர்ல பார்ட்டி காத்துக்கினு இருக்காங்க. நான் கெளம்பறேன்." குழாயை மேலே இழுக்கவும் தொடங்கிவிட்டார். அந்த வண்டி போனால் அந்தப் பட்டத்துப் பயிரே போச்சு. மாமனார் வாடிய கொடிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, அனுமதி கேட்பதுபோலக் கேட்டார்:

"மாப்ள, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கரி எங்கயும் ஓடிடாது. அதுக்குக் கீழ தண்ணி கீதானு மட்டும் பாத்துக்கலாங்களா?"

நான் பெரிய மனது பண்ணி அனுமதித்தேன்.

சாயங்காலம் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சேற்றில் நனைந்த மாமனார் குழந்தைபோலச் சிரித்தார். கலெக்டருக்கு மனுவை எப்படித் தொடங்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது, பைக்கில் பின்னாலிருந்த என் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏங்க, அந்த எடத்துலதான் எங்கப்பா முன்ன வேலிக்காத்தான் மரத்த வெட்டி, மூட்டம் போட்டு, அடுப்புக்கரி சுட்டுக்கினு இருந்தாரு. அந்தக் குழிய மூடிட்டாங்க. மிச்சம் கெடந்த கரிதான் அது."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"போர் வண்டிக்காரரத் தவிர எல்லாருக்கும் தெரியும். மாப்ள மொகம் வாடக்கூடாதுன்னு அப்பா யாரையும் பேச விடல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் ஏதோ விழுந்ததாகச் சொல்லி வண்டியை ஓரங்கட்டினேன். அன்று அவர் எல்லார் முன்பும் சிரித்திருந்தால், நான் அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். பயிரே போகிற நேரத்திலும் என் மானத்தைக் காப்பாற்றிய மனிதருக்கு எப்படி நன்றி சொல்வது? இன்னும் சொல்லத் தெரியவில்லை.

அந்த போருக்கு இன்றும் பெயர் 'மாப்ள சுரங்கம்'. வீட்டில் கேஸ் தீர்ந்தால் மாமியார் எனக்குத்தான் போன் போடுவார்: "சிலிண்டரு காலி மாப்ள. ஜல்தியா வந்து சுரங்கத்தத் தொறந்து வுடுங்க!"

பின்னால் வீடே சிரிக்கும். மாமனாரின் குரல் மட்டும் அதட்டும்:

"சும்மா இருங்க எல்லாரும். மாப்ள இன்னா தப்பா சொன்னாரு? தோண்டுனா கரி வந்துச்சா இல்லியா?"