கராஜுக்குள் ஒரு ஃபயர்மேன்

வெண்டல் ஆறு மணிக்கு எழுந்தான். காப்பி போட்டான். நாய்க்குத் தீனி வைத்தான். மனைவி கொரின் தன் கோப்பையோடு கராஜுக்குப் போய், நின்றிருந்த காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது நிமிடம். மூன்று வாரமாக இப்படித்தான். கேட்டால், "கொஞ்சம் தனியா இருந்துக்கிறேன்" என்பாள்.

அன்று குப்பைத் தொட்டியை இழுத்துப் போனவன் காதில் அவள் குரல் விழுந்தது.

"மேனேஜர், நீ சும்மா இரு. ஃபயர்மேன், நேத்து நீ மட்டும் வரலைன்னா என் கதி என்ன? நாளைக்கும் வா."

தனியாம்.

ஒன்பது மணிக்கு அவள் வேலை செய்யும் பல் மருத்துவமனைக்குப் போன் செய்தான்.

"மேனேஜர் இருக்காரா?"

"நான்தாம்ப்பா" என்று ஒரு கிழவி இருமினாள்.

கணக்கிலிருந்து மேனேஜர் கழிந்தார். மிச்சம் ஒருவன். அமெரிக்காவில், வெர்மாண்டின் அந்தச் சிற்றூருக்கு ஒரே தீயணைப்பு நிலையம். நேரே அங்கே போனான். காப்டன் ஹாஸ்கெல் பொறுமையாகக் கேட்டார்.

"நாங்க ஆறு பேர் இருக்கோம். யார் மேல சந்தேகம்?"

"தெரியல. தினம் காலையில கராஜ்ல, காருக்குள்ள."

"மூடின கராஜா? இஞ்சின் ஓடுதா?"

"அதுவா முக்கியம்?"

"புகை ஆளைக் கொன்னுடும், தம்பி."

மறுநாள் ஆறேகாலுக்குச் சங்கு ஊத வண்டி வந்தது. அக்கம்பக்கம் ஜன்னலுக்கு வந்தது. ஆறு பேர் கராஜ் கதவைத் தூக்கினார்கள். இஞ்சின் ஓடவில்லை. கொரின் நெஞ்சில் கை வைத்து, கண்மூடி உட்கார்ந்திருந்தாள்.

வெண்டல் பின்சீட்டைப் பார்த்தான். டிக்கியைத் திறந்தான்.

"எங்க அவன்?"

"யாரு?"

"ஃபயர்மேன்."

கொரின் அந்த ஆறு பேரையும் பார்த்தாள். "ஆறு போதாதா?"

பிறகு சொன்னாள். "எல்லாரும் என் மனசுக்குள்ள இருக்கிறவங்க, வெண்டல். ஒவ்வொரு உணர்ச்சியும் ஒரு ஆள். தினம் காலையில ஒவ்வொருத்தரையா எப்படி இருக்கீங்கன்னு விசாரிக்கணும். கவுன்சிலிங்ல சொல்லிக் கொடுத்தாங்க. எப்பவும் குறை சொல்றவ மேனேஜர். எதாச்சும் பத்திக்கிட்டா ஓடி வந்து அணைக்கிறவன் ஃபயர்மேன்."

"அப்ப எங்க ஆள் இல்ல" என்று காப்டன் பெருமூச்சு விட்டார்.

வெண்டல் விடவில்லை. "மேனேஜர் பொம்பள. இவன் மட்டும் எப்படி ஆம்பள?"

"குரல் அப்படிக் கேக்குது."

"அனுப்பு அவனை. இப்பவே, இவங்க முன்னாடி."

"யோசிச்சுச் சொல்லு, வெண்டல்."

"அவனா, நானா?"

ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். கொரின் கண்ணை மூடினாள். அரை நிமிடம் ஆனது.

"போயிட்டான்."

வண்டியும் போனது. வெண்டல் வெகுநாளுக்குப் பிறகு இரண்டு பேருக்கு முட்டை பொரித்தான். திரும்பினால், கொரின் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"உன்னை விட்டுப் போயிடணும்னு எனக்குத் தினம் காலையில பத்திக்கும், வெண்டல். ஓடி வந்து அணைச்சவன் அவன் ஒருத்தன்தான்."