வாலில் வைத்த மை

ஒரு காட்டில் தலைவர் தேர்தல் வந்தது. கீரியும் ஆமையும் நின்றன. ஆமை என்ன வாக்குறுதி கொடுத்தது என்று அதற்கே ஞாபகமில்லை. கீரி மட்டும் தெளிவாக, ஜெயித்த மறுநாளே பாம்புப் பொந்துகளை மண்போட்டு மூடுவதாக மேடைக்கு மேடை முழங்கியது. அந்தக் காட்டில் இருந்த ஒரே பாம்பு சிங்காரி என்னும் சாரைதான்.

விடிவதற்குள் வரிசையில் முதல் ஆளாய் நின்றது சிங்காரி. சாவடி அதிகாரியான கொக்கு மைக்குப்பியைத் திறந்துகொண்டு, "விரலை நீட்டும்மா" என்றது. சிங்காரி தன்னைத் தலை முதல் வால் வரை பார்த்தது. மரியாதைக்குக் கொக்கும் பார்த்தது.

யானைக்கு நகத்தில், மாட்டுக்குக் குளம்பில் மை வைக்கச் சுற்றறிக்கை இருந்தது. பாம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "மை வைக்காம விட்டா என் வேலை போயிடும்மா" என்று கொக்கு திருப்பி அனுப்பிவிட்டது. கீரி ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது.

வீடு போகப்போகிறதே என்று சிங்காரிக்கு அழுகை அழுகையாய் வந்தது. வௌவால் வக்கீலிடம் ஓடியது. தலைகீழாகத் தொங்கியபடி வௌவால் வழி சொன்னது: முதலில் சாவடியில் புகார், அடுத்து மேலதிகாரிக்கு மனு, கடைசியில் வழக்கு. புகாரும் மனுவும் கைரேகை இல்லையென்று திரும்பி வந்தன. வௌவாலுக்கு ஒரே குஷி. அந்த இரண்டையுமே சாட்சியாகக் கோர்ட்டில் கொடுத்தது.

நீதிபதி யானை படித்துப் படித்துச் சிரித்தது. பொந்து மூடத் தடை. தேர்தல் செல்லாது, மறு ஓட்டு. பாம்புக்கு வாலில் மை வைக்க வேண்டும். வாலில் மை இல்லாத பாம்பை எவரும் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பெழுதியது.

மறுதேர்தலில் சிங்காரி ஓட்டுப் போட்டு, மை வைத்த வாலைத் தூக்கிக்கொண்டு ஆடி ஆடி வந்தது. பாதி வழியில் கணக்குப் பார்த்தது. மற்றவர்கள் போனமுறை போலவே போட்டால் இப்போது சமம். சமமென்றால் குலுக்கல். குலுக்கலை நம்பியா குடியிருப்பது? நினைக்கும்போதே உடம்பு அரித்தது. அது தோலுரிக்கும் மாதம். சிங்காரி ஒரு புதருக்குள் நுழைந்து, பளபளவென்று வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்றது.

கொக்கு வாலைப் பார்த்தது. முகத்தைப் பார்த்தது. தீர்ப்பையும் ஒருமுறை பார்த்தது.

"போய்ப் போடும்மா. இன்னொரு தடவை கோர்ட்டுக்கு அலைய என்னால ஆகாது."

ஆமை ஒரு ஓட்டில் ஜெயித்தது. அன்று சாயங்காலமே கீரி, தனக்கு அநீதி நடந்துவிட்டதென்று வௌவாலிடம் போய் நின்றது. வௌவால் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று விசாரித்தது.

"உங்களுக்குத் தோல் உரியுமா?"

நீதி: ஓட்டு மறுக்கப்பட்டால் சட்டத்தை நாடுங்கள், அது உங்கள் ஒரு ஓட்டைத் தவறாமல் வாங்கித் தரும். ஜெயிக்கத் தேவையான இன்னொன்றுக்கு உங்கள் தோலைத்தான் நம்ப வேண்டும்.