வாரேனுங்க வாத்தியாரும் காணாமற்போன சுமைதாங்கியும்

அண்மையில் ஒரு மணவிழாப் பந்தியில் என் அருகே அமர்ந்து உண்டவர், காலஞ்சென்ற எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியரைப் பற்றிப் பேச்செடுத்தார். "அவருங்களா? பெரியவங்களக் கண்டாக்கூட சைக்கிள உட்டு எறங்க மாட்டாருங்க. அத்தன திமிரு!" என்றார். இலையில் இருந்த பாயசம் எனக்குக் கசந்துவிட்டது. அப்பழியைத் துடைத்தல் என் கடன் என்று கருதியே இதனை எழுதுகிறேன். கோயமுத்தூர்ச் சீமையில் மிதிவண்டி ஏறக் கற்றவர் ஆயிரம் பேர் இருப்பர். இறங்கக் கற்காமலேயே பத்தாண்டுக் காலம் ஊர்ஊராய்ச் சுற்றி வந்தவர் அவர் ஒருவரே. அவருடைய குறை திமிர் அன்று, கால்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் பணியாற்றினோம். நான் தமிழாசிரியன். அவர் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைந்தவர். ஆறடிக்கு மேல் வளர்ந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுச் சென்ற மிதிவண்டி, எவ்வாறோ இவரிடம் வந்து சேர்ந்தது. இருக்கையை அடிவரை இறக்கியும் மிதிகட்டை அவருக்குப் பாதி வழி வரைதான் எட்டும். அது கீழே சென்று மீளும்வரை அவருடைய பாதம் வெளியில் காத்திருக்கும். மேலே வந்ததும் மீண்டும் ஓர் உதை. "வேறு வண்டி கொள்ளலாகாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏனுங்க புலவரே, குதிர ஒசரமுன்னு அதும்பட காலையா வெட்டிப்போடுவாங்க?" என்றார்.

அவர் இறங்குவதற்கு உலகில் ஒரே ஒரு கருவிதான் இருந்தது. தலைச்சுமையோடு நடப்போர் பாரத்தைச் சற்றே இறக்கி வைக்க, சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்களே, அந்தச் சுமைதாங்கிதான் அது. அதனருகே வண்டியைச் செலுத்தி, மேற்கல்லை மார்போடு தழுவி, கால்களுக்கிடையே வண்டியை நழுவவிட்டுத் தம்மையே ஒரு சுமையாக இறக்கி வைப்பார். ஏறுவதும் அக்கல்லின் மேலிருந்தே. இதன்பொருட்டு அவர் தம் கையால் ஒரு நிலப்படம் வரைந்திருந்தார். அதில் சூலூர் கடுகளவு இருக்கும். சூலூர்ச் சுமைதாங்கி கோபுரம்போல் நிற்கும்.

ஞாயிறுதோறும் இருவரும் புறப்படுவோம். மேடு பள்ளம் இல்லாத சாலை, இருபுறமும் சோளக்காடு, ஊருக்கொரு பழங்கோயில், குளத்துக்கொரு பழைய மதகு. நான் இறங்கி நடுகல்லையும் கல்வெட்டையும் படியெடுப்பேன். அருகில் சுமைதாங்கி இல்லாவிடில், நான் எழுதி முடிக்கும்வரை அவர் என்னைச் சுற்றிக்கொண்டே இருப்பார். ஒருமுறை மேட்டுப்பாளையம் வரை சென்றோம். எதிரே நீலமலை எழுந்து நிற்பதைக் கண்டதும், "இதுக்கு மேல ஆண்டவன் நமக்குப் பாதை போடலீங்க" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

கொங்கு மக்கள் வழிப்போக்கரைச் சும்மா விடமாட்டார்கள். "ஏனுங்க வாத்தியாரே, எறங்கி ஒருவாய் மோரு குடிச்சுட்டுப் போங்க!" என்று அழைப்பார்கள். அவரோ, ஓடும் வண்டியிலிருந்தே "வாரேனுங்க!" என்பார். எங்கள் பக்கத்தில் இச்சொல் வருகிறேன் என்றும் பொருள்படும். விடைபெறுகிறேன் என்றும் பொருள்படும். இலக்கணத்தின் இவ்விடுக்கில்தான் அவர் பத்தாண்டு வாழ்ந்தார். கணபதி என்னும் ஊருக்கு அப்பால் ஓர் அம்மையார் அச்சொல்லை நம்பி, மோர்ச் சொம்போடு முற்பகல் முழுதும் வாசலில் நின்றிருந்தார். மாலையில் திரும்பும்போதும் இவர் அதே சொல்லை உரைத்துவிட்டு அதே விரைவில் சென்றார். "என்னிக்குத்தானுங்க வருவீங்க?" என்ற குரல் எங்களை நெடுந்தொலைவு துரத்தி வந்தது. 'வாரேனுங்க வாத்தியார்' என்ற பெயர் அன்று நிலைத்தது.

வேடிக்கை பார்த்தவர்க்கு இது நகைப்பு, அவர்க்கோ வாழ்க்கை. ஊர்ப் பெரியவர்களைக் கண்டால் வண்டியைவிட்டு இறங்குவது அந்நாளில் கட்டாய மரியாதை. இறங்காதவன் செருக்கன். இக்காரணத்தாலேயே அவர்க்குப் பேசிய இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயின. வயதோ முப்பதைத் தாண்டிற்று. பெற்றோரும் இல்லை. சூலூருக்குக் கிழக்கே ஓர் ஊரில் மூன்றாவதாக ஒரு பெண் அமைந்தபோது, அவர் பக்கத்து மனிதனாக நான் ஒருவனே உடன் சென்றேன்.

"புலவரே, எனக்கு எறங்கத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. அந்த வீதி மொனையில ஒரு சொமதாங்கி இருக்குது. எல்லாம் பாத்துக்கலாம்" என்று வழியெல்லாம் கூறி வந்தார். நானும் வாக்களித்தேன்.

அவ்வூர்க் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளும் கல் பாவியவை. பெண் வீடு கீழை வீதியில். வெள்ளைப் பந்தலின்கீழ், கயிற்றுக் கட்டிலில் பெண்ணின் தந்தையும் பெரியப்பாவும் அமர்ந்திருந்தனர். முன்னே சென்ற நான் முறைப்படி இறங்கி வணங்கினேன். பின்னால் வந்தவர் என்னைக் கடந்து, "வா…வா…ரே…ரே…னு…ங்க" என்று கற்களில் குலுங்கியவாறே சென்றார். மணியும் தானே ஒலித்தது. தந்தை எழுந்து கைகூப்பினார். கூப்பிய கைகளுக்கு எதிரே வெறும் வீதிதான் இருந்தது.

கோயிலைச் சுற்றி மீண்டும் வந்தார். தந்தை மீண்டும் எழுந்தார். "புலவரே, கல்லக் காணோமுங்க!" என்று கூவிக் கடந்தார்.

"என்னத்தக் காணோமுங்களாம்?" என்று தந்தை கவலையோடு கேட்டார்.

"வீதி முனையில் ஒரு சுமைதாங்கி இருந்ததன்றோ?" என்றேன் மெல்ல.

"அதுங்களா! மாப்ள சைக்கிள்ல வராரு, எடஞ்சலா இருக்குமேன்னு நேத்துத்தானுங்க நாலாள உட்டு எடுத்துப்போட்டேன்" என்றார் பெருமையோடு.

அடுத்த சுமைதாங்கி இரண்டு மைலுக்கு அப்பால். திரும்பிச் சென்றால், பெண்ணைப் பாராமலே ஓடியவர் என்பார்கள். விழ அவர் நன்கறிவார்; ஆயின் புது வேட்டியோடு, பெண் வீட்டார் முன்னிலையில் எவ்வாறு விழுவது? நான்காம் சுற்று வந்தது. தந்தை எழுந்தவர் எழுந்தபடியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இவரு எறங்க மாட்டாருங்களா?" என்றார் பெரியப்பா.

வாக்குக் கொடுத்தவன் நான். வாழ்நாளில் துணிந்து கூறிய பொய் இதுவே: "கோயிலை வலம் வருவதாக நேர்ந்துகொண்டிருக்கிறார்."

பெரியப்பா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "வலமுங்களா? எடஞ்சுத்திப் போறாருங்களே!"

உண்மைதான். இடப்பக்கம் திரும்புவதே அவருடைய கைப்பழக்கம். நான் வான்நோக்கினேன்.

எட்டாம் சுற்றில் பெரியப்பா தோள்துண்டை உதறி எழுந்தார். "கேட்டது சரியாத்தான் போச்சு. சரியான தலக்கனம். மாமனாரு முன்னால எறங்காதவன் நாளைக்கு நம்ம புள்ளையவா மதிக்கப் போறான்? தாம்பாளத்த உள்ள எடுங்க!" என்றார். மூன்றாம் சம்பந்தமும் போயிற்று என்றே எண்ணினேன். ஒன்பதாம் சுற்றில் என் நண்பர் முகம் வெளுத்திருந்தது. ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் செய்ததுபோலவே, பந்தலைக் கடக்கும்போது ஒருகையை நெற்றிவரை உயர்த்தி வணங்கினார்.

அப்பொழுது உள்ளிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "பெரீப்பா, சித்த இருங்க. தலக்கனம் புடிச்சவரு எதுக்குங்க ஒவ்வொரு சுத்துக்கும் கும்புடறாரு?"

"பின்ன எறங்க வேண்டீதுதான அம்மணி?"

"காலப் பாருங்க. மிதிகட்டையே எட்டலீங்க. தரை எங்கீங்க எட்டும்?"

சொன்னவள் சொல்லோடு நில்லாமல், முற்றத்தில் இருந்த உரலைச் சாய்த்து, உருட்டிக்கொண்டே வெளியே வந்தாள். கல் வீதியில் அது இடிபோல முழங்கிற்று. பந்தலோரம் அதனைக் கவிழ்த்து நிறுத்தி, "இந்தப் பக்கமா வாங்க!" என்று உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே மறைந்தாள். பதினொன்றாம் சுற்றில் அவர் வந்தார், உரலின்மேல் ஒரு காலை ஊன்றினார், நின்றார், இறங்கினார். இலக்கணமும் ஓவியமும் கற்ற எங்கள் இருவருக்கும் பத்தாண்டுகளாகத் தோன்றாத வழி அது. பெரியப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்காதவர் எவரும் இலர், மாப்பிள்ளை உட்பட.

காப்பி அருந்திய பின், ஆள் ஒருவன் உரலை உள்ளே உருட்டப் போனான். தந்தை கதவுப்பக்கம் திரும்பி, "என்ன கண்ணு, என்ன சொல்றே?" என்று கேட்டார்.

"உரலு அங்கயே கெடக்கட்டுமுங்கப்பா," என்றாள். "அவரு மறுக்கா வரோணுமல்ல?"

அடுத்த தையிலேயே திருமணம் நிகழ்ந்தது. சுற்றுகள் பதினொன்று என்று எழுதியுள்ளேன். பதினான்கு என்று அவ்வூரார் சாதிப்பதுண்டு. பெரியப்பா உதறியது தோள்துண்டா, தலைப்பாகையா என்பதிலும் எனக்கு ஐயம் உளது. அறிந்தோர் எழுதினால் திருத்திக்கொள்வேன். அவரைப் போல் ஒரு வழித்துணை எனக்குப் பின்னர் வாய்க்கவில்லை என்னும் செய்தியில் மட்டும், அன்பர்கள் கைவைக்க வேண்டா.