'மா' என்ற சொல்லுக்குத் தடையில்லாச் சான்று

ஒரு பனியனுக்குக் கழுத்து ஒன்று, கை இரண்டு, அர்த்தம் ஒன்று இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவான ஆண்டு அது. இரண்டாயிரத்து ஆறு. அதற்கென்றே திருப்பூரில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். எழுத்தாடை ஒப்புதல் பிரிவு என்று பெயர். இரண்டு மேசை, ஓர் அதிகாரி, ஓடாத ஒரு ஃபேன். நெஞ்சில் எழுத்து அச்சடித்த எந்தச் சட்டையும் அங்கே சீல் வாங்காமல் கப்பல் ஏறக் கூடாது.

நான் மாரிச்செல்வம். வேலம்பாளையத்தில் சென்னியப்பன் முதலாளியிடம் ஆபீஸ் மேனேஜர். மேனேஜர் என்றால் மெயில் பார்ப்பது, ஃபாரம் நிரப்புவது, டீ சொல்வது. ஃபாரம் நிரப்புவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஒரு கட்டத்தையும் காலியாக விட மாட்டேன், கோடும் போட மாட்டேன். அந்தக் கர்வம் நாசமாய்ப் போக!

முதலாளி பதினெட்டு வருஷம் அடுத்தவர் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்தவர். அவர் தைத்த சட்டை பல நாடு பார்த்தது. அவர் பேரை ஒரு நாடும் பார்க்கவில்லை. அந்த வருஷம்தான் டென்மார்க்கிலிருந்து நேரடியாக ஓர் ஆர்டர் வந்தது. நாலாயிரம் டி-ஷர்ட், நெஞ்சில் 'மா' என்று இங்கிலீஷில் இரண்டு பெரிய எழுத்து. மனுஷன் அன்றைக்கே கம்பெனி போர்டில் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று சேர்த்து எழுத வைத்து, பெயிண்ட் காய்கிறவரை கீழேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டாம் தேதி தூத்துக்குடியில் கப்பல். தவறினால் ஆர்டர் ரத்து, போர்டில் அந்த வார்த்தையும் ரத்து.

ஒப்புதல் ஃபாரத்தில் பதினோராவது கட்டம், 'அச்சிடப்பட்ட சொல்லின் பொருள்'. மற்ற கம்பெனிக்காரர்கள் அதில் ஒரு கோடு போட்டு, மறுநாளே சீல் வாங்கினார்கள். நான் டென்மார்க்குக்கு மெயில் போட்டுக் கேட்டேன். "அர்த்தமெல்லாம் இல்லை, பார்க்க அழகாக இருக்கிறது" என்று பதில் வந்தது. அதையே எழுதி அனுப்பினேன்.

அதிகாரி இளங்குமரன் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அதற்குப் பிறகுதான் கழுத்தை அறுப்பார்.

"ஏனுங்க, பொருள் இல்லைன்னு எழுதியிருக்கறீங்க. இல்லைங்கறதுக்குச் சான்று எங்கீங்க?"

"இல்லாததுக்கு எப்படீங்க சான்று?" என்றார் முதலாளி.

"கோடு போட்டிருந்தீங்கன்னா தெரியாதவங்கன்னு விட்டிருப்பேன். நீங்க தெரிஞ்சு எழுதியிருக்கறீங்க. எந்த மொழியிலயும் பொருள் இல்லைன்னு நிரூபிச்சுருங்க, போதும்."

கம்பெனிக்கு வந்து செக்கிங் டேபிளில் விசாரித்தேன். "மான்னா மாமரம்லா அண்ணே" என்றாள் விஜயராணி. "குதிரைக்கும் அதான் பேருன்னு எங்க தமிழ் வாத்தியார் சொல்லுவாரு. தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தை மாக்கணக்குலதான் அளப்பாங்களாம்." அயர்ன் போடும் ஒரிசாக்காரர் 'அம்மா' என்று சொல்லிவிட்டு, பொசுக்கென்று கண் கலங்கினார். ஊருக்குப் போய் மூன்று வருஷமாம். பிரவுசிங் சென்டரில் தேடினால் அரபியில் தண்ணீர், சீனத்திலும் குதிரை, ஹங்கேரியில் 'இன்று', இத்தாலியில் 'ஆனால்'.

பட்டியலைப் பார்த்து இளங்குமரன் மகிழ்ந்தே போனார். "பொருளே இல்லைன்னவங்க ஏழு பொருளோட வந்திருக்கறீங்க. அந்தந்தத் துறையில தடையில்லாச் சான்று வாங்கிட்டு வந்துருங்க கண்ணு, சீல் வெச்சுரலாம்."

மாமரத்துக்குத் தோட்டக்கலைத் துறை சுலபமாகக் கொடுத்தது, சட்டை காய்ப்பதில்லை என்ற நிபந்தனையோடு. குதிரைக்காகக் கால்நடை மருத்துவர் நேரில் வந்து, சட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, 'நோய் அறிகுறி இல்லை' என்று எழுதினார். சர்வேயர்தான் மிரட்டிவிட்டார். "சட்டைக்கு ஒரு மா வீதம் நாலாயிரம் மா நிலமுங்க. இத்தனை நிலம் உங்க பேருக்கு எப்படி வந்துச்சு?" சமூக நலத்துறை, நாலாயிரம் தாய்மார்களை அட்டைப்பெட்டியில் அடைத்துக் கடல் கடத்துவது மனிதாபிமானமா என்று விளக்கம் கேட்டது. பெட்டிக்கு நாலு காற்றோட்டத் துளை போட்ட பிறகுதான் மனம் இளகியது. மாசுக் கட்டுப்பாட்டுக்காரர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "தண்ணின்னு எழுதியிருக்குது, துணி காஞ்சு கெடக்குது. அப்ப தண்ணிய எங்கீங்க தொறந்து விட்டீங்க?"

எல்லாரிடமும் கும்பிட்டுக் கையெழுத்து வாங்கி முடிக்கையில் பதினேழாம் தேதி மத்தியானம். லாரி வாசலில் நின்றது. சான்று வாங்காதவை இரண்டே பொருள். முதலாளியையும் கூட்டிக்கொண்டு இளங்குமரனிடம் ஓடினேன்.

"'இன்று'க்கு நான் எங்க போவேனுங்க சார்?"

"அது சிக்கல்தானுங்க. இன்னிக்குங்கறது எந்த ஆபீசுலயும் இல்லீங்களே. நாளைக்குன்னா எல்லாத்துலயும் இருக்குது."

"'ஆனால்' எந்தத் துறைங்க?"

"அது எல்லாத் துறையிலயும் இருக்குது. அதனால எல்லாருகிட்டயும் வாங்கோணும்."

முதலாளி எழுந்து கைகூப்பினார். "பதினெட்டு வருசமுங்க சாமி. ஒரே ஒரு சீலுங்க."

இளங்குமரனுக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். "எனக்கு மட்டும் மனசு இல்லீங்களா? வெச்சுருவேன், ஆனால்..."

கப்பல் போய்விட்டது. ஆர்டர் ரத்து என்று மெயில் வந்தது. நாலாயிரம் சட்டையும் காற்றோட்டத் துளைப் பெட்டிகளோடு மிச்ச பனியன் விற்கிற காதர்பேட்டை பிளாட்பாரத்துக்குப் போயின. போர்டில் 'எக்ஸ்போர்ட்ஸ்' மேல் வெள்ளை அடித்தபோது முதலாளி வெளியே வரவே இல்லை. எல்லாம் பதினோராவது கட்டத்தில் நான் போடாத ஒரு கோட்டால் வந்த வினை.

ஆனால் ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. 'எக்ஸ்போர்ட் பீஸ்' என்று சொன்னதும் அள்ளிக்கொண்டு போனார்கள். பல்லடம் பஸ்ஸில் பார்த்தால் மா, ஊத்துக்குளி ஸ்டேஷனில் இறங்கினால் மா. சர்வேயர் மாவோடு நிலம் அளந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் முதலாளியும் பஸ் ஸ்டாண்டில் நடக்கையில் இளங்குமரன் எதிரே வந்தார். அவர், சம்சாரம், இரண்டு பிள்ளைகள், நாலு நெஞ்சிலும் மா.

முதலாளி நின்றார். "சார், அதுக்கு என்னங்க அர்த்தம்?"

அதிகாரி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டார். "இதுங்களா? அர்த்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பார்க்க அழகா இருக்குது."

முதலாளி பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க சார். அடுத்த ஆர்டருக்காச்சும் ஆகுமுங்க."

"தாராளமாக் குடுக்கலாமுங்க. ஆனால் இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்களே!"

பேனாவை மூடிக்கொண்டு முதலாளி என் பக்கம் திரும்பினார். என் நெஞ்சைப் பார்த்தார். பிளாட்பாரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நானும் இரண்டு வாங்கியிருந்தேன். அந்த பஸ் ஸ்டாண்டில் வெறும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர் அவர் ஒருத்தர்தான்.