மாயவன் மாஸ்டரின் தலைச் சத்தியம்

"இனிமே என் தல மண்ணுல படாது" என்று மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான் மாயவன். அம்மனுக்குப் பயந்து அல்ல. பக்கத்தில் பெண்டாட்டி குஞ்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

பிரேக் டான்ஸில் தலையைத் தரையில் ஊன்றி, காலை வானத்துக்குத் தூக்கி, பம்பரமாய்ச் சுற்றும் வித்தை ஒன்று உண்டு. சென்னையில் கட்டட வேலை பார்த்தபோது கடற்கரைப் பையன்களிடம் அதைக் கற்று வந்திருந்தான். முப்பத்தெட்டு வயதுக் கழுத்து எத்தனை நாள்தான் பொறுக்கும்? ஒரு நாள் பிடித்துக்கொண்டது. பத்து நாள் மூட்டை தூக்கப் போகவில்லை. பத்து நாளும் பெண்டாட்டி கூலியில் சோறு. எண்ணெய் தேய்த்துக்கொண்டே குஞ்சம்மாள் சொன்னாள்: "நடவு நேரம்யா. நீ செத்தா குந்தி அழுவக்கூட எனக்கு நேரம் கெடையாது. சத்தியம் பண்ணிடு."

பண்ணினான். ஆனால் ஆட்டத்தை விடவில்லை. நைனார்பாளையத்தில் எல்லாருக்கும் அவன் 'டேய் மாயவா'. ஞாயிற்றுக்கிழமை காலையில் சோளம் காயவைக்கும் களத்துக்கு வரும் ஏழு பேருக்கு மட்டும் 'மாஸ்டர்'. அந்த ஒரு சொல்லைக் கேட்க அவன் ஆறு நாள் மூட்டை தூக்குவான்.

ஏழு பேரும் அரிச்சுவடி கோஷ்டி. புரோட்டா கடை ராசுவுக்கு இடுப்பு வளையாது. கை மட்டும் மாவு வீசும். பம்புசெட் மெக்கானிக் செல்லமுத்துவுக்குத் தாளம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மாயவன் சளைக்காமல் பாடம் நடத்தினான்.

"ஆட்டம் மட்டும் ஹிப் ஹாப் இல்லப்பா. அடுக்கி அடுக்கிப் பாடறது ஒண்ணு. ரெக்கார்டு தட்டச் சுத்தறது ஒண்ணு. செவுத்துல பெயிண்ட்டால பேரு எழுதறது ஒண்ணு. ஆட்டம் ஒண்ணு. நாலும் சேந்தாதான்."

மூன்றாவதைச் செல்லமுத்து மறுநாளே எதிர்வீட்டுச் சுவரில் செய்து பார்த்து, எதிர்வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"அப்பறம் வட்டம். வட்டத்துல நின்னு ஒருத்தன் கூப்ட்டா எறங்கி பதிலுக்கு ஆடணும். பத்து எண்றதுக்குள்ள எறங்காதவன் தோத்தவன். ஜெயிச்சவன் கையில வட்டத்தக் குடுத்துட்டு வெளிய போயிடணும். பெரியவன் சின்னவன் கெடையாது. மாஸ்டரா இருந்தாலும் அதான்."

ராசு தலையைச் சொறிந்தான். "மாஸ்டர், ஒரு மாசமா நீங்க வாயாலதான் சுத்திகினு இருக்கீங்க. சின்னசேலத்துல ஒரு மாஸ்டரு நெசமாவே தலையில சுத்தறாராம்."

மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். மாயவன் "அடுத்த ஞாயித்துக்கெழம பாருங்கடா" என்று சொல்லிவிட்டான்.

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. சுற்றினால் அம்மன் விடமாட்டாள். சுற்றாவிட்டால் ஏழு பேரும் சின்னசேலம் பஸ் ஏறிவிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கொடியில் தொங்கிய குஞ்சம்மாளின் சும்மாடு கண்ணில் பட்டது. சுமை தூக்கும்போது தலைக்கு வைத்துக்கொள்ளப் பழைய புடவையைச் சுருட்டித் தைத்த வளையம். மாயவன் யோசித்தான். மண்ணில் சும்மாடு படும். சும்மாட்டில்தான் தலை படும். அம்மனே எதிரில் வந்து கேட்டாலும் பதில் தயார்.

"நாளைக்கு எங்க நடவு?" என்று குஞ்சம்மாளிடம் நைசாகக் கேட்டான்.

"ஆதிமூலம் கழனியில. பொழுது சாயத்தான் வருவேன். இன்னாத்துக்கு?"

"ஒண்ணுமில்ல."

ஞாயிறு காலை. செல்போனில் தாளம் அதிர்ந்தது. மாயவன் சும்மாட்டை வைத்தான். தலையை ஊன்றினான். காலைத் தூக்கினான். கழுத்தில் என்னவோ 'களுக்' என்றது. தாயே, இன்றைக்கு மட்டும் காப்பாற்று. ஒரு சுற்று. இரண்டு. கைதட்டல் காதைப் பிளந்தது. நாலாவது சுற்றில் சட்டென்று நின்றுபோனது. கண்ணெதிரே சேறு படிந்த இரண்டு பாதங்கள். விரலில் கிடந்த மெட்டி அவனே போட்டது.

"நாத்துக்கட்டு தூக்கலாம்னா சும்மாட்டக் காணோம். வூடு பூரா தேடிட்டு வரேன்" என்றாள் குஞ்சம்மாள்.

மாயவன் பொத்தென்று விழுந்து எழுந்தான். "சத்தியம் தப்பல குஞ்சு. தல மண்ணுல படல. சும்மாட்டுலதான் பட்டுது. வேணும்னா இவங்களக் கேளு."

ஏழு பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"ஆமா, தப்பல" என்றாள் அவள்.

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் ஒத்துக்கொண்ட எந்தப் பேச்சும் அவனுக்கு நல்லபடியாய் முடிந்ததில்லை.

"ராசு, இந்த வட்டத்துக்கு இன்னா சட்டம்?" என்று கேட்டாள் குஞ்சம்மாள்.

ராசு ஒன்று விடாமல் ஒப்பித்தான்.

"பொம்பள கூப்புடலாமா?"

"பெரியவன் சின்னவன் கெடையாதுன்னுதான்க்கா மாஸ்டர் சொன்னாரு. பொம்பளையப் பத்தி ஒண்ணும் சொல்லல."

குஞ்சம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் இறங்கினாள். இடுப்பை மடித்துக் குனிந்தாள். நாற்று ஊன்றுகிற வேகத்தில் கை தரையைத் தொட, கால் பின்னே போயிற்று. கை தரையில், கால் பின்னே. அப்படியே சுழன்று வட்டத்தை முழுசாய்ச் சுற்றி வந்தாள். ஓர் இடத்திலும் தாளம் தப்பவில்லை. செல்லமுத்து வாயை மூட மறந்து நின்றான்.

அவள் நிமிர்ந்து மாயவனைப் பார்த்து விரலை நீட்டினாள். "எறங்குய்யா."

மாயவனுக்கு உயிர் வந்தது. நடவு நடை எங்கே, தலையில் சுற்றுவது எங்கே? கழுத்து போனாலும் போகட்டும், இன்னும் மூன்று சுற்று. சும்மாட்டை எடுக்கக் குனிந்தான். குஞ்சம்மாள் முந்திக்கொண்டாள். தூசி தட்டித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இது என் சாமான். நீ ஒன் தலைய வச்சு ஆடு."

ராசு எண்ணத் தொடங்கினான். தலைக்கடியில் சுருட்டி வைக்கத் துண்டு தேடி மாயவன் தோளைத் தடவினான். துண்டு இல்லை. ஹிப் ஹாப்புக்குத் துண்டு ஆகாது என்று முதல் நாளே சட்டம் போட்டவன் அவன்தான். ஐந்து. ஆறு. பனியனைக் கழற்றிச் சுருட்டலாம் என்று மேலே இழுத்தான். அது காதில் மாட்டிக்கொண்டது. எட்டு. ஒன்பது.

"பத்து" என்றான் ராசு.

மாயவன் தட்டுத் தடுமாறி வட்டத்தை விட்டு வெளியே வந்தான். இனி ஏழு நாளும் 'டேய் மாயவா'தான்.

"மாஸ்டரக்கா, அந்தப் பின்னங்கால எப்புடி வக்கிறது?" செல்லமுத்துவின் குரல்.

"கட்டாந்தரையில வராது. ஆதிமூலம் கழனியில ஒண்ணர ஏக்கர் நடவு கெடக்குது. வந்து சேத்துல எறங்குங்க. காலு தானா வரும்."

ஏழு பேரும் செருப்பைத் தேடினார்கள். ஓரத்தில் பனியனோடு போராடிக்கொண்டிருந்தவனைக் குஞ்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். பாவமாக இருந்தது அவளுக்கு.

"நீயும் வாய்யா. புதுசா சேர்றவங்க கடைசி வரிசையில நிக்கணும்."